மூன்று தட்டும் ஒரு ஜோடிப் பழுப்பு ஷூவும்

ஷட்டரில் மூன்று தட்டு விழுந்தது. டக், டக், டக்.

நான் தலையைத் திருப்புவதற்குள் எங்கள் துணிக்கடையில் வேலை செய்கிறவர் என்று ஒருவர்கூட மிச்சம் இல்லை. எல்லோரும் வாடிக்கையாளர் ஆகிவிட்டோம்.

கல்லாவில் இருந்த பாபு அண்ணன் ஒரே தாவலில் குழந்தைகள் பிரிவுக்குப் போய், ரோஜா நிறக் கவுன் ஒன்றை எடுத்துத் தன் மார்பில் வைத்து அளவு பார்த்தார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

செல்வி அக்கா மேல் அடுக்கில் இருந்த பட்டுப்புடவைகளைச் சரிசெய்ய ஏணியில் ஏறியிருந்தார். இறங்க நேரமில்லை. அப்படியே ஏணியின் உச்சியில், தோளில் கைப்பையோடு, தற்செயலாக அங்கே வந்து சேர்ந்த வாடிக்கையாளரைப் போல நின்றார்.

என் அம்மா புடவை விரித்துக் காட்டும் மெத்தையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான். "அந்த மாம்பழக் கலர எடு, பார்க்கலாம்" என்று எதிரே இருந்த காலி இடத்தைப் பார்த்துச் சொன்னாள். எடுத்துக் காட்ட அங்கே யாரும் இல்லை.

பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் ஒரு ஜோடிப் பழுப்பு ஷூ தெரிந்தது. முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூ.

அன்று ஆகஸ்ட் பதினைந்து.

ஒரு வரியில் பதில்

கர்நாடகத் தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் பஜாரில் இந்தத் துணிக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அரசு விடுமுறை நாளில் கடை திறக்கலாமா, கூடாதா? வேலை செய்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும்? ஒரு வரியில் சொல்லுங்கள்."

ஒரு வரியில் சொல்லத் தெரிந்தால் நான் எதற்காகத் தொடர் எழுதுகிறேன்? ஆகவே அந்த ஷூவை ஷட்டருக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டு வருகிறேன்.

விடுமுறையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒன்று. எங்கள் முதலாளி அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது வேறு. அவர் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: விடுமுறை நாளில் கடையில் ஆட்கள் வேலை செய்யக் கூடாது. ஆனால் முதலாளி விற்கலாம், வாடிக்கையாளர் வாங்கலாம். அதைத் தடுக்கக் கடவுளாலும் முடியாது.

இதிலிருந்து அவர் ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். விடுமுறை நாளில் நாங்கள் எல்லோரும் வழக்கம்போல வேலைக்கு வர வேண்டும். ஆனால் கடையின் ஊதாப்பூ நிறச் சீருடைப் புடவையில் வரக் கூடாது. சொந்த உடையில் வர வேண்டும். கைப்பை தோளை விட்டு இறங்கக் கூடாது. அதிகாரி யாராவது வந்தால் அந்த நொடியே நாங்கள் 'கிராக்கி' ஆகிவிட வேண்டும். எங்கள் ஊரில் வாடிக்கையாளரை அப்படித்தான் சொல்வோம். அதிகாரி போனதும் மறுபடியும் வேலைக்காரர் ஆகிவிட வேண்டும்.

"நடிக்கச் சொல்லல. மனசுல கிராக்கின்னு நெனச்சிக்குங்க. தானா வரும்" என்பார்.

இதற்கு ஒத்திகைகூட நடந்தது. என்ன வேடிக்கை என்றால், அன்றாடம் நூறு கிராக்கிகளைப் பார்க்கும் எங்களுக்குக் கிராக்கியாக உட்காரத் தெரியவில்லை. மூத்த விற்பனைப் பெண் ஒருவர் எதிரில் கிடந்த புடவையைத் தன்னையறியாமல் மடித்து வைத்துவிட்டார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "எந்தக் கிராக்கிமா பொடவய மடிச்சி வெச்சிட்டுப் போவா?"

கீழே இருந்து பார்த்தால்

மூன்று தட்டைக் கொண்டுவந்தவர் எங்கள் காவலாளி தாஸ் மாமா.

அவர் பழைய சுரங்கத் தொழிலாளி. பூமிக்கடியில் பல வருடம் இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் கடை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆனால் அவரைப் பொறுத்தவரை ஷிப்ட் இன்னும் முடியவில்லை. கடை திறப்பதை "ஃபஸ்ட் ஷிப்ட்" என்பார். ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் அவருக்குக் கேஜ் ஏற்றி இறக்குவது மாதிரி. கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு. அதற்கு மணியடிக்கிற கணக்கு உண்டு. இத்தனை மணி அடித்தால் நில், இத்தனை அடித்தால் இறங்கு என்று. அதே வழக்கத்தில் கடைக்கும் ஒரு கணக்கு வைத்தார். ஷட்டரில் ஒரு தட்டு என்றால் கிராக்கி வருகிறார். இரண்டு என்றால் முதலாளி வருகிறார். மூன்று என்றால் அதிகாரி.

"வர்றது அதிகாரின்னு எப்பிடி மாமா கண்டுபிடிப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஷூதான். கேஜ் மேலேர்ந்து எறங்கும்போது கீழ நிக்கிறவனுக்கு மொதல்ல இன்னா தெரியும்? மூஞ்சியா தெரியும்? கால்தான் தெரியும். பழுப்புக் கலர் ஷூ, பாலிஷ் போட்டுகினு வந்தா ஆபீசர். பீடிய அணைச்சிட்டு எழுந்து நின்னுடுவோம். ஒரு தபாகூட தப்பினது கெடையாது."

பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே நிற்பவர்களிடமும் உள்ளே இருக்கும் எங்களுக்குக் கால் மட்டும்தான் தெரியும். அதனால் அந்தச் சுரங்க அறிவு எங்கள் பஜாருக்கு அப்படியே பொருந்திவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நான் பி.காம். படித்தவள். நானும் நம்பினேன்.

லீவு கெடச்சா இன்னா பண்ணுவ?

வாசகியின் கேள்விக்குத் திரும்புகிறேன். கடையில் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றி எங்களுக்குள் சண்டையே வந்திருக்கிறது.

செல்வி அக்கா விடுமுறை நாளில் கடை திறக்கும் கட்சி. "வூட்ல இருந்தா மூணு ஷிப்டும் நானேதான் பார்க்கணும். மாமியாரு, நாத்தனாரு, அவங்க புள்ளைங்க. இங்க வந்தா ஃபேனுக்குக் கீழ உட்காரலாம். எனக்கு லீவே வேணாம்பா."

பாபு அண்ணன் வியாபாரக் கட்சி. "நம்ம ஊருல பாதிப் பேரு காலையில மாரிகுப்பத்துல ட்ரெயின் ஏறி பெங்களூர் போறாங்க. நைட்டு திரும்பி வர்றாங்க. அவங்க எப்ப வந்து துணி எடுப்பாங்க? அவங்களுக்கு லீவு வுட்டாத்தான் நமக்குக் கிராக்கி."

முதலாளி ஒரு சமாதானம் வைத்திருந்தார். விடுமுறை நாளில் வேலை செய்தால் வேறொரு நாள் மாற்று விடுமுறை. அந்த வேறொரு நாள் வரும்போது அவசர வேலை வந்துவிடும். அதற்கு ஒரு மாற்று. இப்படியே போன தீபாவளியின் மாற்றுக்கு மாற்று, எங்கேயோ அடுத்த சித்திரையில் போய் நிற்கும்.

என் அம்மாவுக்கு அந்த மாற்றும் கிடையாது. அம்மா அந்தக் கடையில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறாள். காலையில் பெருக்குவாள், தேநீர் போடுவாள். மீதி நேரமெல்லாம் மடிப்பாள். வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மறுபடியும் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்குவது அவள் வேலை. வாராந்தர விடுமுறை நாளில்தான் கடையைச் சுத்தம் செய்ய முடியும் என்பதால் அன்றும் அவள் வர வேண்டும்.

"முனியம்மாக்கா, உனக்கு ஒரு நாளு முழுசா லீவு கெடச்சா இன்னா பண்ணுவ?" என்று செல்வி அக்கா ஒருநாள் கேட்டார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "தூங்குவேன்."

"சினிமா, கோயில், ஒண்ணும் இல்லியா?"

"மொதல்ல தூங்குறேன். எழுந்தா பார்க்கலாம்."

சிறப்பு விருந்தினர்

இப்போது என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். இதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் படிக்கவில்லை. அப்பா பெங்களூரில் பெயின்ட் அடிக்கிறவர். இரண்டாம் வகுப்போடு சரி. அம்மா பேத்தமங்களா பக்கம் வயல் வேலை செய்த குடும்பம். பள்ளிக்கூடத்துக் கதவைத் தாண்டியதே என்னைச் சேர்க்கத்தான். ரேஷன் கடையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பக்கத்து வீட்டைத் தேடிப் போன குடும்பம் அது. நான் மூன்றாம் வகுப்பு வந்ததும் பக்கத்து வீட்டார் எங்களைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

பி.காம். முதல் வகுப்பில் தேறினேன். வேலை கிடைக்கும் வரை அம்மாவின் கடையிலேயே விற்பனைப் பிரிவில் சேர்ந்தேன். அந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், நான் படித்த அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"சுதந்திர தினத்துக்கு நீதான் சிறப்பு விருந்தினர். நீ கொடியேத்துற. பேசுற. எப்பவும் பெரிய மனுஷங்களையே கூப்பிடுறோம். இந்தத் தடவ பிள்ளைங்க மாதிரியே இந்த பெஞ்சுல உட்கார்ந்து படிச்ச ஒருத்தி வரட்டும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மேடயிலயா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அதே அரிசியை இன்னும் மூன்று முறை களைந்தாள்.

உரையை நான்கு பக்கத்துக்கு எழுதினேன். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேட்டைப் பார்த்து நின்று பேசிப் பழகினேன். ஆடுகள் மட்டும் கேட்டன.

மறுநாள் முதலாளியிடம் போனேன். "ரெண்டே மணி நேரம், மொதலாளி. எனக்கும் அம்மாவுக்கும்."

அடுத்த வாரம் வரமகாலட்சுமி நோன்பு. கர்நாடகத்தில் புடவை வியாபாரத்துக்கு அதுதான் உச்சம். முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ரேவதி, நீ போகாட்டியும் கொடி ஏறும்மா. நீ இல்லாட்டி ரேக்குலேர்ந்து பொடவ எறங்காது."

"அம்மாவையாவது..."

"ஒங்கம்மா இல்லாட்டி எறங்கின பொடவ ஏறாது."

அதற்கு மேல் நான் பேசியிருந்தால் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "வுடு. இன்னொரு தபா கூப்புடுவாங்க." கூப்பிட மாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வர முடியாது என்று தலைமை ஆசிரியைக்குச் சொல்லி அனுப்ப எனக்குக் கடைசி வரை மனம் வரவில்லை.

ஆனால் ஆகஸ்ட் பதினைந்து காலையில் அம்மா தன்னிடமிருந்த ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எதுக்கும்மா இது?"

"சொந்தத் துணியில வரச் சொன்னாரு இல்ல? இதுவும் சொந்தத் துணிதான்" என்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை.

நானும் அந்த நான்கு பக்கத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அப்படி யாரும் இல்லை

அன்று எட்டரை மணிக்கு முதலாளியே கடையை விட்டுக் கிளம்பினார். வியாபாரிகள் சங்கத்தில் கொடியேற்றம். அவர் அங்கே பொருளாளர். "நான் போகலன்னா நல்லா இருக்காது பாரு" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, சட்டப்படி விற்க உரிமை பெற்ற ஒரே மனிதரும் கடையில் இல்லை. இந்த நிலையில்தான் ஒன்பதே முக்கால் மணிக்கு மூன்று தட்டு விழுந்தது. பழுப்பு ஷூ ஷட்டருக்கு அடியில் நின்றது.

தாஸ் மாமா ஷட்டரை மரியாதையாக அரை அடி ஏற்றினார். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு கோப்பு. அதைப் பார்த்ததும் பாபு அண்ணன் கவுனை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

வந்தவர் மெத்தை ஓரத்தில் ஷூவைக் கழற்றினார். "கடைக்காரர் யாருங்க?"

ஏணி மேலிருந்து செல்வி அக்கா, "நாங்களும் வந்து ரொம்ப நேரமாச்சுங்க. யாருமே கவனிக்கல" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எதுக்கு அங்க ஏறினீங்க?"

"கவனிக்கலன்னுதாங்க."

அவர் கோப்பைத் திறந்து ஒரு தாளைப் பார்த்தார். "ரேவதின்னு ஒரு பொண்ணு இங்க வேலை செய்றாங்களாமே?"

பட்டியலில் என் பெயர் இருக்கிறது. யாரோ புகார் எழுதிப் போட்டிருக்கிறார்கள். புகார் எழுதும் அளவுக்குப் படித்தவள் கடையில் நான் ஒருத்திதான். முதலாளி என்னைத்தான் சந்தேகப்படுவார்.

"ரேவதியா?" என்றார் பாபு அண்ணன். "அப்பிடி யாரும் இங்க வேலை செய்யலியே. இங்க யாருமே வேலை செய்யலீங்க. இன்னிக்கு லீவு நாளாச்சே."

"அவங்க அம்மா முனியம்மாவும் இங்கதான்னு சொன்னாங்க."

அம்மா மாம்பழ நிறப் புடவையை விரித்து முந்தானையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஒத்திகையில் சொதப்பிய அத்தனை பேரையும் அவள் அன்று தோற்கடித்தாள். "முனியம்மாவா? நான் கேள்விப்பட்டதே இல்லப்பா" என்றாள். "இந்த பார்டர் நல்லாவே இல்ல." புடவையைச் சுருட்டித் தூர எறிந்தாள். பதினான்கு வருடத்தில் அவள் மடிக்காமல் விட்ட முதல் புடவை அது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

வந்தவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமாங்க, ரேவதின்னு?"

பள்ளியில் பேச்சுப்போட்டி என்றால் முதல் ஆளாகக் கை தூக்கியவள் நான். எங்கள் லைனிலேயே முதல் பட்டதாரி. சொந்தப் பெயரைத் தங்க எழுத்தில் போடுவார்கள் என்று கனவு கண்டவள்.

"தெரியாதுங்க" என்றேன். "நாங்க பூதிகோட்டைக்காரங்க. துணி எடுக்க வந்தோம்."

அந்த நேரத்தில் வெளியே இரண்டு தட்டு விழுந்தது. முதலாளி வருகிறார். உடனே தாஸ் மாமாவுக்கு உள்ளே இருப்பவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவசரமாக மேலும் மூன்று தட்டினார். ஐந்து தட்டுக்கு எங்களிடம் ஒத்திகை இல்லை.

முதலாளி குனிந்து நுழைந்தார். சட்டைப் பையில் காகிதக் கொடி, கையில் லட்டுப் பொட்டலம். நிமிர்வதற்கு முன்பே மெத்தை ஓரத்தில் பழுப்பு ஷூ அவர் கண்ணில் பட்டது. அவர் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. அவர் செய்ய வேண்டியது என்ன? அவரது சட்டப்படி, "வாங்க, நான்தான் முதலாளி" என்று சொல்ல வேண்டும். ஆனால் மூன்று தட்டு கேட்டால் கிராக்கி ஆகிவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது ஊறிவிட்டது.

"காட்டன் பொடவ இருக்குங்களா?" என்றார்.

வந்தவர் அவரைக் கவலையோடு பார்த்தார். "நீங்களும் வாங்க வந்தவரா?"

"ஆமாங்க. வூட்டுக்கு."

"விக்கிறவங்க யாருன்னே தெரியல."

"அதாங்க நானும் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு முதலாளி அம்மாவுக்குப் பக்கத்தில் மெத்தையில் உட்கார்ந்தார்.

அவர் தலைக்கு நேர் மேலே, கல்லாவுக்குப் பின்னால், சந்தன மாலை போட்ட அவருடைய அப்பாவின் படம் இருந்தது. அதற்குப் பக்கத்தில், சங்கத்தில் கேடயம் வாங்கும் அவருடைய சொந்தப் படம். ஓர் ஆள் உயரம். வந்தவர் படத்தைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். கவுனைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்தார்.

"மேடம், நான்தான். கடைக்கு வந்துட்டேன். அந்தப் பொண்ணு இங்க வேலையே செய்யலையாம். அவங்க அம்மாவையும் யாருக்கும் தெரியல. இங்க எல்லாரும் ஒரு மாதிரியா இருக்காங்க மேடம், எனக்கு பயமா இருக்கு. பிள்ளைங்க எவ்வளவு நேரம் வெயில்ல நிப்பாங்க? கொடிய நீங்களே ஏத்திடுங்க. நான் வந்துடறேன்."

கைபேசியைப் பையில் போடும்போது சட்டைக்குள்ளிருந்து ஒரு விசில் கயிறு வெளியே வந்து விழுந்தது.

உடற்பயிற்சி ஆசிரியர். அந்த வருடம்தான் பள்ளிக்கு வந்தவர். சுதந்திர தினம் என்பதால் ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருக்கிறார்.

அவர் ஷூ கயிறு கட்ட உட்கார்ந்தார். இடது ஷூ. எழுந்து நிற்க நினைத்தேன். என்னால் முடியவில்லை. ஒரு முழ தூரத்தில் முதலாளி. வந்தவர் அதிகாரி என்றே இன்னும் நம்பிக்கொண்டு, ஒரு புடவையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னால் அவர் கடையே போய்விடும் என்ற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார். வலது ஷூ.

"சார்!" அம்மாவின் குரல்.

கடையே திரும்பியது.

"இவதான் ரேவதி. எம் பொண்ணு. நான்தான் முனியம்மா. பதினாலு வருசமா இங்கதான் வேல செய்றேன்." மெத்தையிலிருந்து எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திருடீ. புள்ளைங்க வெயில்ல நிக்குது."

வழியில் முதலாளி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "முனியம்மா..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எங்க போற? யாரக் கேட்டுப் போற?"

அம்மா நின்றாள். கூப்பிட்டால் ஓடி வரும் அந்த அம்மா அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். அவள் நின்றிருந்தாள், அவர் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு கோணத்தில் அவரை அவள் பார்த்ததே இல்லை.

"இன்னாங்க, நீங்களும் கிராக்கிதான? கொஞ்சம் நவுருங்க."

முதலாளி நகர்ந்தார். நிஜமாகவே நகர்ந்து வழி விட்டார்.

பத்து நிமிடம்

முதலாளி எங்களை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்க வேண்டுமென்றால் அன்று கடை திறந்திருந்தது என்றும், தான் அங்கே முதலாளியாக இருந்ததாகவும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கணக்கில் அன்று அவர் துணி வாங்க வந்தவர். தாஸ் மாமாவுக்கு மட்டும் ஒரு வாரம் மனசு ஆறவில்லை. "வாத்தியாருங்க எப்பலேர்ந்து பழுப்பு ஷூ போட ஆரம்பிச்சாங்க?" என்று பஜார் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று நான் பெங்களூரில் வேலை செய்கிறேன். மாரிகுப்பத்தில் ரயில் ஏறும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. எனக்கும் விடுமுறை நாளில்தான் துணி எடுக்க நேரம். போன விடுமுறைக்கு நானே ஒரு கடையின் பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்தேன். உள்ளே ஏழெட்டுப் பேர் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் யார் வாங்க வந்தவர்கள், யார் வேலை செய்கிறவர்கள் என்று எனக்கு உடனே தெரிந்தது. வேலை செய்கிறவர்களின் கை, தன்னையறியாமல் புடவையை மடித்துக்கொண்டிருந்தது. நான் எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று இன்னும் விளங்கவில்லை. வாசகி மன்னிக்க வேண்டும்.

அன்றைக்குத் திரும்புகிறேன்.

உடற்பயிற்சி ஆசிரியர் மறுபடி கைபேசியில் சொல்லிவிட, ஆட்டோவில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தலைமை ஆசிரியை கொடியேற்றவில்லை. எனக்காக வைத்திருந்தார். கயிற்றை இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்து கொடி விரிந்தது. உள்ளே வைத்திருந்த சாமந்தி இதழ்கள் என் தலையில் விழுந்தன. திரும்பிப் பார்த்தேன். அம்மா முதல் வரிசையில் பட்டுப்புடவையில் விறைப்பாக நின்று, கையை நெற்றியில் வைத்து, பிள்ளைகளைப் போலவே வணக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துவிட்டாள். அது போதும்.

பிறகு பிள்ளைகளைப் புங்க மர நிழலில் உட்கார வைத்தார்கள். அம்மாவுக்கு முன்வரிசையில் கைப்பிடி வைத்த நாற்காலி. நான் நான்கு பக்கத்தை விரித்து, மண் மேட்டுக்கே கேட்ட என் குரலில் ஆரம்பித்தேன்.

முதல் பக்கம் முடியும்போது அம்மாவைப் பார்த்தேன். அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வரி நேரம் மட்டும். பிறகு மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

குரலைத் தாழ்த்திப் பேசினேன். இரண்டாம் பக்கம் இன்னும் மெதுவாக. மூன்றாம் பக்கத்தில் உழைப்பின் பெருமையைப் பற்றி நான் எழுதியிருந்த முழக்கத்தைக் கிட்டத்தட்டக் கிசுகிசுத்தேன். என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துப் பிள்ளையை உஷ் என்று அடக்கினார்கள். கடைசி வரிசைக்கு ஒரு சொல்கூடக் கேட்டிருக்காது. முடித்ததும் கைதட்டப் போனவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். அத்தனை கைகளும் காற்றிலேயே நின்றன.

தேசிய கீதம் மட்டும் பாக்கி. பாடினால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அம்மாவும்தான். உடற்பயிற்சி ஆசிரியர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். தலைமை ஆசிரியை அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"பத்து நிமிஷம் கழிச்சுப் பாடலாம்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

மேலே கொடி அசைந்தது. நாங்கள் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.